விளக்கேற்ற மனம் வராத சகோதரிக்கு

ஆறு வயது மகனைப் பறிகொடுத்தபின் மூன்று மாதமாக விளக்கேற்ற மனம் வரவில்லை, இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமே இல்லை, சகோதரி.

என் மகள் போனபின் நானும் ஒரு வருடம் ஏற்றவில்லை. ஆத்தங்குடிக் கல் தரையில் அவள் சாக்பீஸால் போட்ட பாண்டிக் கட்டத்தை யாரையும் துடைக்கவிடவில்லை. ‘எல்லாம் அவன் சித்தம்’ என்றவர்கள் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு நாள் மாமியார் குன்றக்குடி முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நான் கும்பிடவில்லை. ஏன் எடுத்தாய் என்று சண்முகநாதரை வாய்விட்டுத் திட்டி அழுதேன். பக்கத்தில் நின்ற ஆச்சி எதுவும் கேட்காமல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குச் சாமி திரும்பி வந்தது அந்தக் கையில்தான்.

நீங்களும் திட்டுங்கள், அதுவும் அவரோடு பேசுவதுதான். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் உடனே வீட்டில் சொல்லுங்கள், 104 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள். சரி, பையனுக்கு என்னவெல்லாம் பிடிக்கும்? எழுதுங்கள்.