ஹார்வர்ட் நேர்காணலும் மறுநாள் இரவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஷிப்ட் பொறியாளராக இருக்கிறேன். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் எம்பிஏ நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். இணையவழிதான். ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்துவருகிறேன். நேர்காணலைப் பற்றி 24 மணி நேரத்தில் ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அதையும் இப்போதே எழுதி வைத்துவிடலாமா?

ம., செங்காங்

அன்புள்ள ம.,

வேண்டாம். மனப்பாடத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நேர்காணல் 30 நிமிடந்தான். கேள்வி கேட்பவர் உங்கள் விண்ணப்பத்தை முழுதாகப் படித்துவிட்டு வருவார். அதில் உள்ளதையே ஒப்பித்தால் பாதியில் நிறுத்தி, "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்பார். மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் அதுதான்.

ரெசுமேயை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: நான் எடுத்த முடிவு எது, கைவிட்ட வழி எது, யார் மறுத்தார்கள், இன்று செய்தால் எதை மாற்றுவேன். குறிப்புச் சொற்கள் போதும். வாக்கியமாக எழுதினால் மறுபடி மனப்பாடத்தில்தான் முடியும். பிறகு நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் குறையுங்கள்.

பதிவில் 'நாங்கள்' எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணுங்கள். 'நான் செய்தேன்' என்பது தற்பெருமை என்று சொல்லித்தான் நம் வீடுகளில் வளர்க்கிறார்கள். நல்ல பழக்கந்தான். ஆனால் "கிரேன் பழுதை நாங்கள் சரிசெய்தோம்" என்றால் உங்கள் பங்கு நேர்காண்பவருக்குத் தெரியாமலே போகும். குழுவுக்கு உரியதைக் குழுவுக்குக் கொடுங்கள்; உங்கள் முடிவை 'நான்' என்றே சொல்லுங்கள்.

நேரத்தில் கவனம். ஹார்வர்ட் இருக்கும் பாஸ்டனைவிட நாம் 12 மணி நேரம் முன்னால். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளியதும் அது 13 ஆகிவிடும்.

இனி, அந்தக் கட்டுரை. அதை இன்னும் கேட்கிறார்களா என்று அழைப்பில் முதலில் பாருங்கள். கேட்டிருந்தால், இரவு 9.30க்குப் பேச்சு முடிந்தால் மறுநாள் இரவு 9.30க்குள் அனுப்பியாக வேண்டும். அன்றைய ஷிப்டை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அழைப்பு முடிந்த கையோடு, கேட்ட கேள்விகளை நினைவிருக்கும் வரிசையில் எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும். காலையில் இரண்டை மட்டும் எடுங்கள்: பேச்சு சூடுபிடித்தும் நேரமில்லாமல் அறுந்த ஒன்று, நீங்கள் அரைகுறையாகப் பதில் சொன்ன ஒன்று. இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். விடுபட்டதைச் சொன்னால் போதும். முன்பே எழுதி வைத்த கட்டுரையில் அந்த 30 நிமிடம் இருக்காது, படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

யாரிடமும் திருத்தக் கொடுக்காதீர்கள். ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள்.