கையில் நிக்கான் எஃப்எம்10 இருக்கிறது. இரண்டாவது ஃபிலிம் கேமராவாக எதை வாங்கலாம்?

உங்களிடம் எஃப்எம்10 பாடி, அதோடு வந்த 35-70 ஜூம், தனியாக வாங்கிய 50, 105 மி.மீ. லென்ஸ்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பாலாற்றங்கரை மயானக் கொள்ளை, எருது விடும் விழா என்று நம் பக்கத்துத் திருவிழாக்களை எடுக்கிறீர்கள். இரண்டாவது பாடியாக நிக்கான் எஃப்80, நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்பது கேள்வி. எஃப்எம்2 வாங்குங்கள். கிடைத்தால் அதிலேயே 1984க்குப் பிறகு வந்த எஃப்எம்2என். வேலூரில் இருந்துகொண்டு இதே திருவிழாக்களை ஃபிலிமில் எடுப்பவன் நான். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பாடிகளும் ஒரே நேரத்தில் உங்கள் தோளில் தொங்கப்போகின்றன. எல்லாவற்றையும் இங்கிருந்துதான் யோசிக்க வேண்டும். எருது விடும் தெருவில் நின்றிருப்பீர்கள். காளை வாடியிலிருந்து வெளியே வந்து உங்களைக் கடந்துபோவது சில நொடிகளில் முடிந்துவிடும். தூரத்தில் வரும்போது 105 வேண்டும். பக்கத்தில் வந்து, இரண்டு பக்கமும் கூட்டம் கைகளைத் தூக்கிக் கத்தும்போது 35 வேண்டும். அந்தப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்ட நேரமும் இல்லை, அப்படிச் செய்வது நல்லதும் இல்லை. ஒரு பாடியைக் கீழே விட்டு இன்னொன்றைக் கண்ணுக்குக் கொண்டுவரும் அந்த நேரத்தில் விரல்கள் யோசிக்கக் கூடாது. ஆகவே இரண்டாவது பாடி முதல் பாடியைப் போலவே நடந்துகொள்ள வேண்டும்.

கே1000 அருமையான கேமரா. 1976 முதல் 1997 வரை செய்யப்பட்டது, முழுக்க முழுக்க இயந்திர ஷட்டர், எளிதில் கெடாது. முதல் கேமரா எது வாங்கலாம் என்று கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதன் மவுண்ட், அதாவது லென்ஸை மாட்டும் வாய், வேறு. உங்கள் மூன்று லென்ஸ்களில் ஒன்றுகூட அதில் பொருந்தாது. புதிதாக லென்ஸ் வாங்கினாலும் நிக்கானில் மாட்டும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் பென்டாக்ஸில் திருக வேண்டும். கூட்டத்தில் இது நிச்சயம் தடுமாற வைக்கும்.

எஃப்80 விஷயத்தில் பலரும் ஏமாறுவது, நிக்கான் லென்ஸ்தானே, பொருந்திவிடும் என்ற நம்பிக்கையால். பொருந்தும். ஆனால் உங்களிடம் இருப்பவை போன்ற மேனுவல் லென்ஸ்களை மாட்டினால் எஃப்80இன் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி, வேலை செய்யாது. சரி, அதற்கென்று ஒரு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கலாம் என்று நினைத்தால், மலிவாகக் கிடைக்கும் ஜி வகை லென்ஸ்களில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை மாற்றும் அப்பெர்ச்சர் வளையமே கிடையாது. எஃப்எம்10இல் மாட்டினால் அவை மிகச் சிறிய துவாரத்திலேயே நின்றுவிடும். இரண்டு பாடிகள், இரண்டு தனித்தனி லென்ஸ் குடும்பங்கள் என்று ஆகிவிடும். போதாததற்கு அது இரண்டு சிஆர்123ஏ பேட்டரி கேட்கும். தீர்ந்தால் கேமரா அப்படியே நின்றுவிடும். பழைய எஃப்80களின் பின்மூடியில் பூசிய ரப்பர் பூச்சு பிசுபிசுவென்று ஆகிவிடுவதும் உண்டு. நம் ஊர் வெயிலில் அதைக் கையில் பிடிக்கவே மனம் வராது.

இப்போது எஃப்எம்2. உங்கள் எஃப்எம்10இல் இருப்பது போலவே ஃபைண்டரில் கூட்டல், வட்டம், கழித்தல் விளக்குகள்: வெளிச்சம் அதிகம், சரி, குறைவு என்று பொருள். அதே இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரிகள், அவையும் மீட்டருக்கு மட்டுமே. பேட்டரி தீர்ந்தாலும் எல்லா ஷட்டர் வேகங்களும் ஓடும். ஒரு சின்னப் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும்: ஃபிலிமை நகர்த்தும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டர் எரியும், ஷட்டர் பூட்டும் விடுபடும். இடது கண்ணால் பார்க்கிறவராக இருந்தால் அந்த லீவர் நெற்றியில் இடிக்கும். வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எஃப்எம்2என்னை நான் வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் நம் வெயில். சிரசு ஊர்வலம் வைகாசி முதல் நாள். அக்னி நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்கும் நேரம். உச்சிப் பொழுதில் தலைப்பாகைக்கும் குடைக்கும் கீழே இருக்கும் முகங்கள் கறுத்துப்போய்க் கண்கள் தெரியவே தெரியாது. அங்கே ஃப்ளாஷ் போட்டு நிழலை நிரப்ப வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் நேர் வெயிலுக்கு 1/125 நொடி, எஃப்/16. எஃப்எம்10இன் ஃப்ளாஷ் சிங்க் வேகம், அதாவது ஃப்ளாஷோடு பயன்படுத்தக்கூடிய மிக அதிக ஷட்டர் வேகம், 1/125தான், ஆகவே நீங்கள் எஃப்/16ஐ விட்டு அசைய முடியாது. கைடு நம்பர் (ஃப்ளாஷின் சக்தியைக் காட்டும் எண்) 28 உள்ள சாதாரண ஃப்ளாஷ் என்றால் 28ஐ 16ஆல் வகுங்கள்: வெளிச்சம் முழுதாக எட்டும் தூரம் 1.75 மீட்டர். எஃப்எம்2என்னில் சிங்க் வேகம் 1/250. துவாரம் எஃப்/11க்கு வரும், தூரம் இரண்டரை மீட்டராகிவிடும். கூட்டத்துக்கு நடுவில் அந்த முக்கால் மீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு முகத்துக்குப் பதிலாக, அந்த முகமும் அதன் பின்னால் தீச்சட்டி ஏந்தி வருகிறவரும் சேர்ந்து தெரிவார்கள். 1982இல் வந்த முதல் எஃப்எம்2இல் சிங்க் 1/200, அதுவும் மோசமில்லை. எது என்று கண்டுபிடிப்பது எளிது: எஃப்எம்2என்னின் பின்பக்கத் தொடர் எண்ணுக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

பணம் பத்தவில்லை என்றால் இன்னொரு எஃப்எம்10 வாங்குங்கள். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. இலேசான கேமரா, உங்கள் கைக்குப் பழகியது. எஃப்இ2வையும் சிலர் பரிந்துரைப்பார்கள். வேகத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், சிங்க்கும் 1/250தான். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் போல ஒரு தூண் வெயிலிலும் அடுத்த தூண் இருட்டிலும் இருக்கும் இடங்களில் அது உதவும். ஆனால் அதன் ஷட்டர் மின்னணு. பேட்டரி போனால் 1/250ம், பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் ‘பல்ப்’ நிலையும் மட்டுமே மிஞ்சும்.

பழைய பாடியை எங்கே வாங்கினாலும், பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சோதியுங்கள். ஷட்டர் தகடுகளில் விரல் பட்ட தடமோ நெளிவோ இருந்தால் வேண்டாம். மூடியின் ஓரத்திலும் கண்ணாடிக்கு மேலேயும் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், அதற்காக நல்ல பாடியை விட்டுவிட வேண்டாம். ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் தடங்கலின்றி ஒரே சீராக முடிய வேண்டும். இடையில் இழுத்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள். ஸ்டுடியோ பீரோவில் ஆண்டுக்கணக்கில் தூங்கிய கேமராக்களில் இதுதான் வழக்கமான கோளாறு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு மீட்டர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் இதற்கு வேலூர்க் கோட்டை மதிலைத்தான் பயன்படுத்துகிறேன். நிழல் சீராக விழும் பக்கத்தில் சாம்பல் நிறக் கருங்கல் ஃபைண்டர் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மீட்டரை ஏமாற்ற வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஒரே லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி, இரண்டு பாடியிலும் வட்டம் எரியும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது) வித்தியாசம் இருந்தால் ஒரு பாடியின் ஐ.எஸ்.ஓ. டயலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் சரியாகிவிடும்.

ஒரு பாடியில் 400 கறுப்பு-வெள்ளையும் மற்றதில் 100 கலரும் போடப்போகிறீர்கள் என்றால், எதில் எது என்று காகித டேப்பில் எழுதிப் பின்மூடியில் ஒட்டிவிடுங்கள். ஃபிலிமை ஏற்றியதும் லீவரைத் தள்ளும்போது இடதுபக்க ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. புதுப் பாடியின் முதல் ரோலைத் திருவிழாவில் போடாதீர்கள். சத்துவாச்சாரி சந்தையிலோ லாங்கு பஜாரிலோ ஒரு காலை நேரத்தில் முடித்து, கழுவி, நெகட்டிவ்களில் ஃபிரேம் இடைவெளி சீராக இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு குடியாத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.