ஹைட்ராக்சில் தொகுதி என்றால் என்ன? அது கொதிநிலையை ஏன் உயர்த்துகிறது?

ஒரு கரிமச் சேர்மத்தின் குணத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்யும் அணுக்கூட்டத்தை வினைசெயல் தொகுதி என்கிறோம். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்து கார்பனோடு பிணைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி அவற்றுள் மிக எளியவற்றில் ஒன்று. ஆல்ககால்களில் இருப்பது இதுவே.

எத்தனால், டைமெத்தில் ஈதர் ஆகிய இரண்டுமே 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களால் ஆனவை. ஆயினும் எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்க, ஈதரோ சுழியத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால், அதனோடு நேரடியாகப் பிணைந்த ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை பெற்று, பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஈதரில் ஹைட்ரஜன்கள் அனைத்தும் கார்பனோடு இருப்பதால் அதன் மூலக்கூறுகளுக்கிடையே இந்தப் பிடி அமைவதில்லை. கொதிக்க வேண்டுமானால் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும்; எத்தனாலில் இந்தப் பிடிகளையும் விடுவிக்க வேண்டியிருப்பதால் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. வேட்டிக் கரையில் ஒட்டிய நாயுருவி விதையை நினைத்துக்கொள்ளலாம்: ஒன்றைப் பிய்ப்பது எளிது, நூறு ஒட்டினால் பெரும்பாடு.

நீரோடும் இதே பிடி அமைவதால் எத்தனால் எந்த விகிதத்திலும் நீரில் கலக்கிறது. கார்பன் சங்கிலி நீண்டால் கதை மாறும். 8 கார்பன் கொண்ட ஆக்டனால் நீரில் அநேகமாகக் கரைவதே இல்லை.

பெயரைக் கண்டு, ஆல்ககாலும் சோடியம் ஹைட்ராக்சைடைப் போல ஒரு காரம் எனப் பலர் எண்ணுகிறார்கள். அங்கே ஹைட்ராக்சைடு தனி அயனியாகப் பிரிகிறது, இங்கே ஹைட்ராக்சில் கார்பனோடு சகப்பிணைப்பால் (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பால்) கட்டுண்டிருப்பதால் எத்தனால் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்குவதில்லை.