வெயிலில் விளையாட்டு: கேள்வியும் பதிலும்

என் மகனுக்கு 12 வயது. கோடை விடுமுறையில் காலை 7 முதல் 10 மணி வரை கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தனுப்பியும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, தலைவலியோடு வருகிறான். (வாசகி, கடலூர்)

வியர்வையோடு வெளியேறுவது தண்ணீரும் உப்பும். குளுக்கோஸ் பவுடரில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதைக் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றிலேயே தங்கிக் குமட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு, 6 டீஸ்பூன் சர்க்கரை, ஓர் எலுமிச்சம்பழம். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் ஆபத்து. இது ஒரு பாட்டில், வெறும் தண்ணீர் ஒரு பாட்டில். மோர் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். பாட்டிலில் கால் பங்கு தண்ணீரை ஊற்றி, ஃப்ரீஸரில் இரவே படுக்கவையுங்கள். காலையில் மீதியை நிரப்பினால் இடைவேளை வரை சில்லென்றிருக்கும்.

கிளம்பும் முன் ஒரு டம்ளர். பிறகு தாகம் எடுக்கிறதோ இல்லையோ, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி. 'பிரேக்கில்தான் தண்ணீர்' என்று பயிற்சியாளர் சொன்னால் பேசி மாற்றுங்கள். அது கண்டிப்பு அல்ல, அறியாமை.

காலை நேரம்தானே என்று நினைக்க வேண்டாம். கடலோர ஊர்களில் காலையிலேயே காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை சொட்டுமே தவிர காயாது; காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பேடும் ஹெல்மெட்டும் அதையும் அடைத்துவிடும். பேட்டிங் முடிந்ததும் கழற்றச் சொல்லுங்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் பாதி நேரம் போதும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் முழுதாகத் தேறும்வரை மைதானம் வேண்டாம்.

வெயிலில் மயங்கி விழுந்தவர் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்கிறார்களே? (வாசகர், மதுரை)

வராது. ஊற்றாமல் விட்டால்தான் உயிருக்கு ஆபத்து. உளறல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் இருந்தால் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளுடம்பு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். 'வியர்க்கிறதே, அதனால் இல்லை' என்று ஏமாறாதீர்கள். ஓடியாடி விழுந்தவருக்கு வியர்வை வழிந்தபடியே இருக்கலாம்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் நிழலில் கிடத்தி, ஷூவையும் மேலுடையையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றியபடி அட்டையால் விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இது காய்ச்சல் அல்ல, பாராசிட்டமால் பயன்படாது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.