ஸ்க்வீஸ் ப்ளே: ஆட்டத்திலும் பேச்சிலும்

பேஸ்பாலின் 'ஸ்க்வீஸ் ப்ளே' பற்றிக் கேட்டவர்களுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு கிரிக்கெட்தான் தெரியும். பண்ட் என்றால் என்ன?

தடுப்பாட்டம் ஆடும்போது பந்து காலடியிலேயே செத்து விழுமே, கிட்டத்தட்ட அதுதான். மட்டையை வீசக் கூடாது. மேல் கையை மட்டையின் தடித்த பகுதிவரை நகர்த்தி, பின்பக்கமாக விரல்களால் கிள்ளிப் பிடிப்பார்கள். விரல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் நசுங்கும்.

கேள்வி: இதில் ஸ்க்வீஸ் எங்கே வருகிறது?

பேட்டர் நிற்கும் இடம் ஹோம் பிளேட். அங்கிருந்து மூன்று பேஸ்களைச் சுற்றி மறுபடி ஹோம் பிளேட்டைத் தொட்டால்தான் ரன். கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸில் ஒரு ரன்னர் நிற்கிறார். பேட்டர் பண்ட் செய்கிறார். அவர் அவுட்டானாலும் சரி, ரன்னர் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். பந்து தரையில் உருளுவதைப் பார்த்துவிட்டு ஓடினால் 'சேஃப்டி ஸ்க்வீஸ்'. பிட்சர் (பந்து வீசுபவர்) வீசத் தொடங்கியதுமே கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் 'சூசைடு ஸ்க்வீஸ்'. பேட்டர் பந்தைத் தவறவிட்டால் தீர்ந்தது கதை. பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பந்தும் கையுமாக நிற்பார், ரன்னர் நேராக அவரிடம் போய் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: ஏற்கெனவே இரண்டு அவுட் என்றால்?

வேண்டாம். மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. பேட்டர் முதல் பேஸில் அவுட்டானால் அதுவே மூன்றாவது, ரன் சேராது.

கேள்வி: இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு பண்ட் செய்யலாமா?

மூன்று ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிட்ட வாய்ப்பு) விழுந்தால் பேட்டர் அவுட். இரண்டுக்குப் பிறகும் பண்ட் செய்யலாம், ஆனால் பந்து ஃபவுல் போனால், அதாவது ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போனால், அவுட். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடர், 2016, ஏழாவது ஆட்டம். 6-6 சமநிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், மூன்றாவது பேஸில் ஜேசன் ஹேவர்ட். சிகாகோ கப்ஸ் அணியின் ஹாவியர் பாயேஸ் இதைத்தான் செய்தார், ஃபவுலாகிப் போனது. பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்ததால் மனிதர் தப்பித்தார்.

கேள்வி: இப்போது பண்ட் குறைந்துவிட்டதாமே?

அமெரிக்காவில் ஆமாம். 2022 முதல் அங்குள்ள இரண்டு பெரிய லீக்கிலும் பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் செய்கிறார். பண்டை நம்பியிருந்தவர்கள் பிட்சர்கள்தானே! ஜப்பானில் இன்னும் மவுசு உண்டு. அங்கே மசாஹிரோ கவாய் என்ற ஆட்டக்காரர் 533 தியாக பண்ட் (தான் அவுட்டாகி ரன்னரை முன்னேற்றும் பண்ட்) அடித்தவர்.

கேள்வி: நியூஜெர்சியில் வேலை செய்கிறேன். மீட்டிங்கில் "அவர்கள் நம்மேல் ஸ்க்வீஸ் ப்ளே போடுகிறார்கள்" என்றார் மேனேஜர். தமிழில் எப்படிச் சொல்வது?

கிடுக்கிப்பிடி. 'இருதலைக் கொள்ளி எறும்பு' பொருந்தாது, அது மாட்டிக்கொண்டவர் நிலை. இது மாட்ட வைப்பவர் வேலை: விலையைக் குறை, இல்லையென்றால் நாளைக்கே ஆர்டர் ரத்து என்பது மாதிரி. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ஆட்டத்தில் கழுத்தை நீட்டுபவர் தாக்குகிற அணியின் ரன்னர்தான். ஆபீஸ் பேச்சில் அந்தப் பாதி காணாமல் போய்விட்டது. உங்கள் மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்: ஆர்டரை ரத்து செய்தால் அவர்களுக்கு வேறு சப்ளையர் இருக்கிறாரா?