தேறியது என்றால் எது தேறியது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் காட்பாடியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், கேமராவை இயக்கும் நிரல்களான டிரைவர்களைச் சோதிக்கும் வி4எல்2-கம்ப்ளையன்ஸ் என்னும் கருவியை என் வெப்கேமில் ஓட்டிப் பார்த்தேன். பல வரிகளில் ‘ஓகே’ என்றும், சிலவற்றில் ‘ஓகே, நாட் சப்போர்ட்டட்’ என்றும் வந்தது. கையேட்டுப் பக்கத்தைப் படித்தும் இந்த வரிகளுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கையேட்டை மேம்படுத்தும் பணியில் என்னைப் போன்றவர்கள் பங்கு பெற முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: முடியும். எந்த வரி உங்களுக்கு விளங்கவில்லையோ அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.

கேமராவைப் பயன்படுத்தும் மென்பொருள், டிரைவரிடம் ஐஆக்டில் எனப்படும் அழைப்புகள் வழியாகவே பேசுகிறது. எல்லா டிரைவரும் எல்லா அழைப்புகளையும் நிறைவேற்ற வேண்டியதில்லை. டிவி, ரேடியோ அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனரே இல்லாத ஒரு வெப்கேம், அலைவரிசையை மாற்றச் சொல்லும் அழைப்பை ஏற்க வழியில்லை. அப்படி ஏற்காதபோது அதற்கென வகுக்கப்பட்ட பிழைக்குறியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. டிரைவர் அந்த விதிப்படி மறுத்தது என்பதையே ‘ஓகே, நாட் சப்போர்ட்டட்’ என்ற வரி சொல்கிறது. அதில் குறை ஏதும் இல்லை. ஆனால் வன்பொருளில் ஒரு வசதி இருந்தும் அதற்குரிய இடத்தில் இந்த வரி வந்தால், அந்த வசதி டிரைவரில் இன்னும் எழுதப்படவில்லை என்று கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஒரு பத்தியைக் கையேட்டுக்காக நீங்கள் எழுதலாம்.

வேலூரில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்க்காத குடும்பம் அரிது. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இயல்பு அளவு அச்சாகியிருப்பதால்தான், மருத்துவரைப் பார்க்கும் முன்பே நமக்கு ஓரளவு புரிகிறது. அதே அறிக்கையில் சர்க்கரை அளவு இயல்பாக இருந்தால் சிறுநீரகமும் நலம் என்று யாரும் முடிவு செய்வதில்லை. சோதனைக் கருவியின் கையேடும் இந்த இரண்டையும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து: முடிவை எப்படிப் படிப்பது என்று சொல்ல வேண்டும், எதைச் சோதிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு நண்பருக்காக, பதனிட்ட தோலின் மேற்பரப்பைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றின் டிரைவரைச் சோதித்தேன். கடைசி வரியில் தோல்வி 0, எச்சரிக்கை 0 என்று வந்தது, நானும் நம்பிவிட்டேன். பட்டறையில் பொருத்திய அன்றே, சில நிமிடங்களில் படம் உறைந்து நின்றது. கருவியை வெறுமனே ஓட்டினால் காட்சியை ஓடவிட்டுப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் சோதனை நடப்பதில்லை; ‘எஸ்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால்தான் நடக்கும், அப்போதும் நாமாக எண்ணிக்கை தராவிட்டால் 60 ஃபிரேம்களோடு, அதாவது 60 தனிப் படங்களோடு, நின்றுவிடும். ஆப்ஷன் பட்டியலில் இதெல்லாம் இருந்தது. ஆனால் பட்டியலைப் படிப்பவர் தமக்கு வேண்டியதைத் தேடுகிறாரே ஒழிய, தமக்கு வேண்டும் என்றே தெரியாததைத் தேடுவதில்லை. ஆகவே ‘இந்த ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் ஸ்ட்ரீமிங் சோதிக்கப்படாது’ என்ற ஒரு வாக்கியம் கையேட்டின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தோல்வி வரிகளுக்கும் விளக்கம் தேவை. ‘ஃபெயில்’ என்ற சொல்லை அடுத்து ஒரு கோப்பின் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணும் வரும். அந்த எண், கருவியின் மூல நிரலில் சோதனை முறிந்த வரியைக் குறிக்கிறது. அங்கே போய்ப் படித்தால் டிரைவர் எந்த நிபந்தனையை மீறியது என்பது தெரியும். புதியவர்கள் பலர் அதைத் தம் டிரைவரின் வரி எண் என்று எண்ணிக் குழம்புகிறார்கள்.

எழுதியதைச் சேர்க்கும் முறை எளியது. கருவி வி4எல்-யூட்டில்ஸ் என்னும் தொகுப்பைச் சேர்ந்தது. கையேட்டுப் பக்கமும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. ஒரு திருத்தத்துக்கு ஒரு பேட்ச் (மாற்றிய வரிகளைக் காட்டும் கோப்பு) என்று பிரித்து, ஏன் மாற்றினீர்கள் என்பதை மேலே எழுதி, அதை அளிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று உறுதி கூறும் ‘சைன்டு ஆஃப் பை’ வரியைச் சேர்த்து அனுப்புங்கள். திருத்தச் சொன்னால் மனம் சோர வேண்டாம். நிரல் எழுதுபவர்களுக்கும் அதுவே நடைமுறை.

கேள்வி: என்னிடம் கேமரா போர்டு எதுவும் இல்லை. வன்பொருள் இல்லாமல் இந்தக் கையேட்டை எழுதிச் சரிபார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: 2014ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 3.18 பதிப்பு முதல், கர்னலிலேயே விவிட் என்னும் மெய்நிகர் டிரைவர் இருக்கிறது. அது வெப்கேம், டிவி, எச்டிஎம்ஐ உள்ளீடுகளைப் போல நடித்து, தானே சோதனைப் படங்களை உருவாக்கித் தரும். கையேட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டளையையும் விவிட்டின் மேல் ஒருமுறை ஓட்டி, திரையில் வந்ததையே எடுத்துக்காட்டாக வையுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஆனால் எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும், ஏனெனில் புதிய சோதனைகள் சேரச் சேரக் கடைசி வரியின் எண்ணிக்கையும் மாறும்.

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. முதலில் தமிழில் எழுதலாமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாக எழுதலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். தமிழில் எழுதும்போது எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அந்த இடம் உங்களுக்கே இன்னும் தெளியவில்லை என்று அறிந்து, மீண்டும் கருவியை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியங்களாக மாற்றினால் போதும். கையேட்டைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. தமிழ்ப் படியையும் தூக்கிப் போட்டுவிடாமல் உங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுங்கள்.