அயர்லாந்துக் குற்றப் புனைவைப் படிக்க எந்த நாவலில் தொடங்கலாம்?

பலரும் டானா ஃபிரெஞ்சின் முதல் நாவலான 'இன் தி வுட்ஸ்' (2007) என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அதில் பழைய மர்மம் ஒன்று கடைசிவரை அவிழ்வதில்லை. முதல் அறிமுகமே அதுவானால் எரிச்சல்தான் மிஞ்சும். அவருடைய டப்ளின் நாவல் ஒவ்வொன்றையும் வெவ்வேறு துப்பறிவாளர் சொல்வதால், வரிசை மாறினாலும் குடி மூழ்கிவிடாது. 2012இல் வந்த 'புரோக்கன் ஹார்பர்' நாவலில் தொடங்குங்கள்.

வங்கிகள் அள்ளிக் கொடுத்த கடனில் அயர்லாந்து முழுக்க எழும்பிய குடியிருப்புகள், 2008 பொருளாதாரச் சரிவில் பாதியிலேயே நின்றுபோயின. டப்ளினுக்கு வடக்கே கடலோரத்தில் அப்படி ஒன்று. அங்கே ஒரு வீட்டில் கணவனும் இரண்டு குழந்தைகளும் இறந்து கிடக்கிறார்கள். மனைவி குற்றுயிராக மருத்துவமனையில். வீடு துடைத்து வைத்ததுபோல இருக்கிறது. ஆனால் சுவர்களில் ஆங்காங்கே ஓட்டைகள். அவற்றைப் பார்த்தபடி, தொட்டில் குழந்தையைக் கண்காணிக்க வைக்கும் கேமராக்கள். கூரைக்கடியில் ஏதோ விலங்கு நடமாடுகிறது என்று, வேலை போய் வீட்டோடு கிடந்த அந்தக் கணவன் நம்பியிருக்கிறான்.

விசாரிக்க வரும் கென்னடி, விதிப்படி வாழ்பவனுக்குப் பெரிய தீங்கு வராது என்று நம்புகிற ஆள். படிப்பு, வேலை, கல்யாணம், சொந்த வீடு என்று இவர்கள் எதில் விதி தவறினார்கள்? கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. விசாரணை அறை உரையாடல்கள் மட்டும் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட அயர்லாந்து வேண்டுமென்றால் ஏட்ரியன் மெக்கின்டியின் ஷான் டஃபி தொடர். தொடங்குவது 1981இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்ட ஐரிஷ் கைதிகளின் உண்ணாவிரதப் போராட்டத்தின்போது. புராட்டஸ்டண்டுகள் நிறைந்த காவல்துறையில் டஃபி ஒரு கத்தோலிக்கர். குடியிருப்பதும் புராட்டஸ்டண்ட் தெருவில். காரை எடுக்குமுன் அடியில் குனிந்து, கார் அசைந்தால் வெடிக்கும் பாதரசக் குண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். திரும்பத் திரும்ப வரும் காட்சி, அலுக்கவே இல்லை.

புக்கர் பரிசு பெற்ற ஜான் பான்வில், பெஞ்சமின் பிளாக் என்ற பெயரில் 1950களின் டப்ளினை வைத்து எழுதியவற்றையும் பாருங்கள். நடை அழகு, துப்பறிதல் மந்தம்.

ஜான் கானலியையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அவர் டப்ளின்காரர்தான், ஆனால் சார்லி பார்க்கர் என்ற துப்பறிவாளரை வைத்து அவர் எழுதும் கதைகள் பெரும்பாலும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடப்பவை. அயர்லாந்தைத் தேடி வந்தவர் என்றால் இப்போதைக்கு அவர் வேண்டாம்.